படத்தேடல் விளையாட்டும் பாலர் தமிழும்: செமிலிங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

பாலர் பள்ளிப் பயிற்றுநூல்களில் படத்தேடல் விளையாட்டு இன்று நிலையானதோர் இடத்தைப் பெற்றுவிட்டது. பல பொருள்கள் நிறைந்த படமொன்றைக் குழந்தையின் முன் வைத்து, அதனுள் குறிப்பிட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வதே இவ்விளையாட்டின் அடிப்படையாகும். கவனத்தைக் கூர்மையாக்கும், நினைவாற்றலைப் பெருக்கும், வாசிப்புக்கு ஆயத்தப்படுத்தும் என்னும் உறுதிமொழிகள் இத்தகைய நூல்களின் அட்டையிலும் முன்னுரையிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பிய தொடக்க ஆண்டுகளில், ஆசிரியர் பயிலரங்குகளில் இவ்வுறுதிமொழிகளை நாமும் ஏறத்தாழ இதே சொற்களில் எடுத்துரைத்துள்ளோம். அவற்றுள் எவை ஆய்வுக்கு நிற்பவை, எவை நில்லாதவை என்பதை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மீள்நோக்குக்குக் காரணமாக அமைந்தது சிறியதொரு நிகழ்ச்சி. கெடா மாநிலத்தின் செமிலிங் வட்டாரத்துப் பாலர் வகுப்பொன்றில் நாம் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். சமையலறைக் காட்சியொன்றைக் காட்டிய ஆசிரியர், “கோப்பை எங்கே?” எனக் கேட்டார். ஐந்து வயதுச் சிறுமியொருத்தி படத்தை நெடுநேரம் நோக்கினாள். விரலை எங்கும் வைக்கவில்லை. ஆசிரியர் கோப்பையைச் சுட்டி, “இது என்ன?” என்றபோது அவள் தயங்காமல் “மங்கு” என்றாள். “மங்கு இல்லை, கோப்பை” என்று ஆசிரியர் திருத்தினார். அதன்பின் அவள் வினாக்களுக்கெல்லாம் விரலால் மட்டுமே விடையளித்தாள், வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அச்சிறுமியின் கவனம் குறைவு என்று எம்மிடம் கூறப்பட்டது. அவள் கண்ணில் குறையொன்றும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. படத்தேடல் எதைச் சோதிக்கிறது, எதை வளர்க்கிறது என்னும் வினா அன்று எம்முள் எழுந்தது.

விளையாட்டின் வகையும் வரலாறும்

படத்தைக் காட்டிப் பெயரைக் கற்பிக்கும் முறை பழைமையானது. கொமீனியஸ் 1658 ஆம் ஆண்டில் வெளியிட்ட படநூல் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆயின், அந்நூலில் பொருள்கள் எண்ணிடப்பட்டு வெளிப்படையாக நிற்கின்றன. அவற்றைத் தேடவேண்டிய தேவை இல்லை. தேடலை விளையாட்டாக்கிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. அமெரிக்கச் சிறுவர் இதழான ‘ஹைலைட்ஸ்’ 1946 இல் தொடங்கிய காலந்தொட்டே மறைபடங்களை வெளியிட்டு வருகிறது. ஜெர்மானிய ஓவியர் அலி மிட்குட்ச் 1968 இல் வெளியிட்ட நகரக் காட்சி நூல் சொற்களே இல்லாத நெரிசற்பட மரபுக்கு வித்திட்டது. இங்கிலாந்தின் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 1987 இல் படைத்த வாலி என்னும் பாத்திரம் உலகெங்கும் அறிமுகமானது.

இன்று பாலர் வகுப்புகளில் வழங்குவனவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். ஒன்றன் கோடுகளுக்குள் மற்றொன்று ஒளிந்திருக்கும் மறைபடம். மக்களும் பொருள்களும் செறிந்த நெரிசற்படம். இரு படங்களுக்கிடையே வேறுபாடு காணும் படம். சொல்லப்படும் குறிப்பைக் கொண்டு பொருளை அடையாளங்காணும் படம் என்பன அவை. இந்நான்கும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் ஒரே பயனைத் தருவனவாகக் கருதப்படுகின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

தேடல் விளையாட்டு தமிழர்க்குப் புதியதன்று. மணலைக் கரையாகக் குவித்து, அதனுள் சிறு குச்சியொன்றை மறைத்து, மற்றவர் இரு கைகளையும் கோத்துப் பொத்திக் கண்டுபிடிக்கும் ‘கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்’ நம் பாட்டிமார் ஆடியதே. அவ்விளையாட்டில் ஒளிப்பவரும் தேடுபவரும் மாறி மாறி அமைவர் என்பதைப் பின்னர்க் கருதுவதற்காக இங்கே குறித்துக்கொள்கிறோம்.

கவனம் வளர்கிறதா?

காட்சித் தேடல் பற்றிய ஆய்வுகளில் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலேடும் 1980 இல் முன்வைத்த பண்பு ஒருங்கிணைப்புக் கோட்பாடு அடிப்படையானது. பச்சை இலைகளுக்கிடையே உள்ள சிவப்புப் பூ முயற்சியின்றியே கண்ணிற்படும். ஒற்றைப் பண்பு அதனைப் பிரித்துக் காட்டுகிறது. சிவப்புப் பந்துகளும் பச்சைப் பூக்களும் நிறைந்த படத்தில் சிவப்புப் பூவைத் தேடுவதோ வேறு செயல். நிறம், வடிவம் ஆகிய இரண்டையும் ஒருங்கு நோக்கி ஒவ்வோர் இடமாகச் செல்லவேண்டும். வாலியின் சிவப்பு வெள்ளைக் கோடுகளைத் தேடுவோர் இடர்ப்படுவதன் காரணமும் இதுவே. அதே கோடுகளை ஓவியர் குடையிலும் கூடாரத்திலும் தீட்டிவைக்கிறார்.

ஒவ்வோர் இடமாகச் செல்லுதல் எந்த வயதில் கைகூடுகிறது? பிரெஞ்சு உளவியலாளர் எலியான் வுர்பியோ 1968 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. ஆறு சன்னல்களைக் கொண்ட இரு வீடுகளின் படங்களைக் காட்டி, அவை ஒன்றா வேறா எனக் குழந்தைகளிடம் கேட்டு, அவர்தம் கண்ணசைவுகளை அவர் பதிவுசெய்தார். இளைய குழந்தைகள் சில சன்னல்களை மட்டும் பார்த்துவிட்டு விடை கூறினர். சன்னலுக்குச் சன்னல் இணையாக ஒப்பிடும் முறையான நோக்கு, வயது கூடக்கூடவே வெளிப்பட்டது.

இதனால் பெறப்படுவது யாது? ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பக்கம் நான்கு வயதுக் குழந்தைக்கு ஏற்றதன்று. வார இதழ்களில் பெரியோர்க்கென வந்த வேறுபாட்டுப் படங்களைச் சுருக்கிப் பாலர் நூலில் சேர்ப்பது வழக்கமாகியுள்ளது. அப்பக்கத்தில் தோல்வியுறும் குழந்தையைக் கவனக்குறைவுடையது எனல் பிழையாகும். அவ்வயதில் இன்னும் முதிராத ஒரு நோக்குமுறையை நாம் அதனிடம் எதிர்பார்க்கிறோம்.

படம் நெரிசலாக இருந்தால் பயன் மிகும் என்னும் கருத்தும் ஐயத்துக்குரியது. அன்னா ஃபிஷர் முதலானோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், சுவரெங்கும் அலங்காரம் நிறைந்த வகுப்பறையில் பாலர்கள் மிகுதியாகக் கவனம் சிதறினர், குறைவாகவே கற்றனர். அது சுவரைப் பற்றியது, நூற்பக்கத்தைப் பற்றியதன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தேடலுக்குரிய பொருளோடு தொடர்பற்ற அணிகலன்களைப் பக்கத்தில் குவிப்போர் சற்று நின்று எண்ணுவதற்கு இது போதிய காரணமாகும்.

பயிற்சி பிறவற்றுக்குப் பரவுகிறதா?

படத்தில் பூனையைத் தேடிப் பழகிய குழந்தை பின்னர் எழுத்தையும் எளிதில் கண்டுகொள்ளும் என்பது இரண்டாவது உறுதிமொழி. ஒரு பணியிற்பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குத் தானே பரவுவதில்லை என்பதைத் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். இரு பணிகளுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவுக்கே பயன் கடந்துசெல்லும் என்பது அவர்தம் முடிவு.

இதே நம்பிக்கை ஒருமுறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டதுமுண்டு. 1960களில் அமெரிக்காவில் மரியான் ஃப்ராஸ்டிக் உருவாக்கிய காட்சிப் புலன் பயிற்சித் தாள்கள் பள்ளிகளில் பரவின. பின்னணியிலிருந்து உருவத்தைப் பிரித்தறிதல் அவற்றின் முதன்மைப் பகுதிகளுள் ஒன்று. நம் மறைபடங்கள் அதற்கு நெருங்கிய உறவின. ஹாமில், குட்மன், வீடர்ஹோல்ட் ஆகியோர் 1974 இல் அத்தகைய பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். அப்பயிற்சிகள் வாசிப்புத் திறனை உயர்த்தின என்பதற்குத் தக்க சான்று இல்லை என்பதே அவர்கள் கண்டது.

ஆகவே, மறைபடம் வாசிப்பை வளர்க்கும் என நாம் பயிலரங்குகளில் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்களாகிறோம். குழந்தை மகிழ்ச்சியோடு அமர்ந்து தேடுகிறது; அதற்கென ஒரு மதிப்பு உண்டு. அம்மகிழ்ச்சியை வாசிப்புப் பயிற்சி எனப் பெயரிட்டு, மொழிக்குரிய நேரத்தை அதற்கு ஒதுக்குவதே ஏற்கத்தகாதது.

பயன் பேச்சில் உள்ளது

அங்ஙனமாயின் இவ்விளையாட்டால் பயனில்லையா? உண்டு. அப்பயன், படத்தைச் சுற்றி நிகழும் பேச்சில் அமைந்துள்ளது என்பது எம் கருத்து.

நினியோவும் ப்ரூனரும் 1978 இல் வெளியிட்ட ஆய்வு, தாயொருவர் தம் குழந்தையோடு படநூல் பார்க்கும் உரையாடலை நுணுகி நோக்கியது. தாய் முதலில் கவனத்தை ஈர்க்கிறார், என்ன என வினவுகிறார், பெயரைக் கூறுகிறார், குழந்தையின் விடையை ஏற்று உறுதிப்படுத்துகிறார். இச்சுழற்சி மீண்டும் மீண்டும் நிகழ்கையில், குழந்தை உரையாடலில் தன் முறையை அறிந்துகொள்கிறது. வைட்ஹர்ஸ்ட் முதலானோர் 1988 இல் ஒரு படி மேற்சென்றனர். திறந்த வினாக்களைக் கேட்கவும், குழந்தையின் விடையை விரித்துக் கூறவும் பெற்றோர்க்குப் பயிற்சியளித்தனர். ஒரு மாத அளவிலேயே அக்குழந்தைகளின் பேச்சுமொழி குறிப்பிடத்தக்க வளர்ச்சியைக் காட்டியது.

இவ்விரு ஆய்வுகளும் படநூலைப் பற்றியவை. அவற்றிற் பங்கேற்ற குழந்தைகளும் பாலர் பள்ளி வயதுக்கு இளையோர். இவற்றைத் தேடல் விளையாட்டுக்குப் பொருத்துவது எம் கருதுகோளேயாகும். எனினும், பொருத்துவதற்குக் காரணம் உண்டு. தேடல் விளையாட்டில் இருவர் கவனமும் ஒரே படத்தின்மீது நிலைக்கிறது. குறிப்பைக் கேட்டாலன்றிப் பொருளைக் காணவியலாது. மொழி அங்கே விளையாட்டின் திறவுகோலாக அமைகிறது. விரலால் தொட்டவுடன் ஒலியெழுப்பிப் பாராட்டும் கைப்பேசிச் செயலிகளில் இத்திறவுகோல் இல்லை. குழந்தை ஒரு சொல்லும் கேளாமல், ஒரு சொல்லும் கூறாமல் பக்கம் பக்கமாக வெற்றிபெற்றுச் செல்லலாம். மூன்று, நான்கு வயதினர் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் பரிந்துரைத்தது. அந்த 1 மணியும் மௌனத்தில் கழியுமாயின், மொழியாசிரியர் மகிழ்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

தமிழ்த் தொடரமைப்பும் தேடல் குறிப்பும்

இவ்விடத்தில் தமிழுக்கே உரிய ஒரு வாய்ப்பைச் சுட்டுதல் தகும். ஆங்கிலக் குறிப்பு, பொருளின் பெயரை முதலில் கூறி அடைகளைப் பின்னர்த் தருவது பெரும்பான்மை. தமிழில் அடைகள் முன்வந்து பெயர் இறுதியில் நிற்கும். “மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வாலில்லாத பூனை” என்னும் குறிப்பில், ‘பூனை’ என்ற சொல் வரும்வரை குழந்தை முன்வந்த அனைத்தையும் மனத்தில் தாங்கி நிற்கவேண்டும். ஆசிரியர் இடையிடையே நிறுத்திக் கூறினால் விளையாட்டு இன்னும் சுவைபெறும். “மரத்துக்குப் பின்னால்” என்றதும் கண் மரத்துக்குச் செல்கிறது. “ஒளிந்திருக்கும்” என்றதும் பாதி தெரியும் உருவங்களை நாடுகிறது. பெயர் வருமுன்னரே குழந்தை கத்திவிடுகிறது. விடுகதையின் இன்பமும் இத்தகையதே.

மொழிபெயர்க்கப்பட்ட நூல்கள் இவ்வாய்ப்பை இழக்கின்றன. “பூனையைக் கண்டுபிடி. அது மரத்துக்குப் பின்னால் உள்ளது” என அவை தொடரை உடைத்துவிடுகின்றன. பெயரெச்சத் தொடரைக் கேட்டுப் பழகாத குழந்தை பின்னாளில் கட்டுரை எழுதும்போது துண்டு துண்டான தொடர்களையே எழுதுவதை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் அறிவர். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டெனக் கூற முற்படவில்லை; கேட்டுப் பழகும் வாய்ப்பைக் கைவிடுவானேன் என்பதே எம் வினா.

இடப்பொருளுணர்த்தும் சொற்களுக்கும் இது பொருந்தும். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்கு விரித்துரைக்கும் பத்தொன்பது சொற்களில் மேல், கீழ், முன், பின், உள், இடை, வலம், இடம் ஆகியன அடங்கும். பாலர் வகுப்பில் இவற்றைப் பட்டியலாகக் கற்பிக்க இயலாது. படத்தேடலிலோ இவையின்றி ஆட்டமே நடவாது. அவ்வாறே ‘ழ’ ஒலி வரும் பொருள்களைத் தேடச் சொன்னால், வாழை, கோழி, மழை, குழந்தை எனச் சொற்கள் வரிசையாக வரும். ஒலிப்புப் பயிற்சி விளையாட்டின் ஊடே அமையும்.

செமிலிங் குழந்தையின் படம்

படத்தில் என்ன இருக்கவேண்டும் என்பது எஞ்சும் வினா. நாம் அன்று பார்த்த நூலில் பனிமனிதன், புகைபோக்கி, கம்பளிக் கையுறை ஆகியன இருந்தன. செமிலிங் குழந்தை இவற்றைக் கண்டதில்லை. இவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் அதன் வீட்டில் வழங்குவதுமில்லை. பார்க்காத பொருளையும் படத்தால் அறியலாம் என்பது உண்மையே. ஆயின், தேடல் விளையாட்டில் பெயரும் புதிது, பொருளும் புதிது என்றால் குழந்தை எதனைப் பற்றிக்கொண்டு தேடும்?

செமிலிங்கைச் சுற்றி நோக்கினால் படத்துக்குரிய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. வடக்கே ஜெராய் மலை. அருகே மெர்போக் ஆறும் அதன் அலையாத்திக் காடும், படகுத் துறையும். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகமும், மீட்டமைக்கப்பட்ட புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கற்றளமும். பீடோங் செல்லும் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். கடாரம் என நாம் மேடைகளில் பெருமையோடு கூறும் மண் இதுவே. அம்மண்ணில் வாழும் தமிழ்க் குழந்தையின் படநூலில் அம்மண் காணப்படாமை சிந்திக்கத்தக்கது.

தோட்டச் சொற்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மங்கு, பால்வாளி, காண்டா, ஒட்டுப்பால், நிரை, பிரட்டுக்களம், லயம், ஆயாக்கொட்டகை ஆகியன ரப்பர்த் தோட்ட வாழ்வில் தலைமுறைகளாக வழங்கியவை. தாயும் தந்தையும் விடியுமுன் பால்வெட்டச் சென்றபோது குழந்தைகள் வளர்ந்தது ஆயாக்கொட்டகையில். ஒருவகையில் அதுவே நம் முதற் பாலர் பள்ளி எனலாம். ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. பொருள் மறைய, சொல்லும் மறைகிறது. பாட்டியின் வாயில் எஞ்சியுள்ள சொல்லைப் பேத்தி வகுப்புக்குக் கொண்டுவரும்போது நாம் அதனைத் திருத்தி அனுப்புகிறோம்.

இதற்கு மாறான பிழையும் ஒன்றுண்டு. ஏக்கத்தின் காரணமாகப் பக்கமெங்கும் லயத்தையும் பால்வாளியையும் வரைந்துவைத்தல் அது. இன்றைய குழந்தையின் தாய் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் செல்பவராக இருக்கலாம். வீடு, தாமான் எனப்படும் குடியிருப்பில் வரிசை வீடாக இருக்கலாம். தொழிற்சாலைப் பேருந்தும், இரவுச் சந்தையும், செம்பனைக் குலையேற்றிய லோரியும், திண்ணையில் மங்கில் தேநீர் அருந்தும் பாட்டியும் ஒரே படத்தில் இருப்பதே அக்குழந்தையின் உலகுக்கு உண்மையாயிருக்கும்.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கவை

1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் பகுதியாக்கியது. 2003, 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த பாலர் பள்ளிக் கலைத்திட்டங்கள் யாவும் விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்தின. எனவே, இவ்விளையாட்டுக்கு இடம் தேடவேண்டியதில்லை. பயன்படுத்தும் முறையைத் திருத்திக்கொண்டால் போதும். மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு பரிந்துரைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நான்கு, ஐந்து வயதினர்க்கு வேறுபாடு காணும் பக்கங்களைத் தவிர்த்து, குறிப்பு கூறித் தேடும் பக்கங்களைக் கொடுத்தல். பொருள்கள் சிலவாக, ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருப்பது நலம்.

இரண்டாவது, தேடலைத் தொடங்குமுன் படத்தைப் பற்றிப் பேசுதல். எந்தப் பொருளை எந்தக் குழந்தை எப்பெயரால் அழைக்கிறது என்பது இப்பேச்சில் வெளிப்படும். வீட்டுச் சொல்லை ஏற்று, அதன் அருகே பொதுச்சொல்லை வைக்கவேண்டும். “ஆம், மங்கு, இதைக் கோப்பை என்றும் சொல்வோம்” என்னும் ஒரு தொடர் போதும். ஒரு சொல்லோடு வந்த குழந்தை இரு சொற்களோடு வீடு திரும்பும்.

மூன்றாவது, நேரத்தைக் கணக்கிடாமை. விரைந்து கண்டவரைப் பாராட்டும் வகுப்பில் மெல்லப் பேசும் குழந்தை பின்தங்கும். விரைவு கண்ணின் திறனைக் காட்டுமேயன்றி மொழித்திறனைக் காட்டாது.

நான்காவது, முறையை மாற்றுதல். கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் தேடியவரே அடுத்து ஒளிப்பவராவார். அதுபோல் குழந்தையைக் குறிப்பு கூறச் செய்து ஆசிரியர் தேடவேண்டும். அவ்வேளையில் குழந்தையின் வாயிலிருந்து வரும் தொடரே இவ்விளையாட்டின் பயனை அளக்கும் கருவி. எத்தனை பொருளைக் கண்டது என்பதைவிட, எத்தகைய தொடரால் ஒன்றை மறைத்தது, வெளிப்படுத்தியது என்பதையே ஆசிரியர் குறித்துவைத்தல் வேண்டும்.

முடிவுரை

படத்தேடல் விளையாட்டு கவனத்தைப் பொதுவாக வளர்க்கும் என்பதும் வாசிப்புக்கு நேரே ஆயத்தப்படுத்தும் என்பதும் நாம் கண்ட சான்றுகளால் நிலைபெறவில்லை. பெரியவர் ஒருவரோடு அமர்ந்து, தமிழில் குறிப்பு கேட்டும் கூறியும் ஆடும்போது அது மொழிவளர்ச்சிக்கு நல்ல களமாக அமையக்கூடும் என்பதற்கு நியாயமான அடிப்படை உள்ளது. அக்களத்துக்கு விலையுயர்ந்த நூல் தேவையில்லை. ஆசிரியரே வரைந்த ஒரு தாளும், குழந்தை அறிந்த பத்துப் பொருள்களும், அவற்றைப் பற்றிப் பேசப் பொறுமையும் போதியவை.

அச்சிறுமியைக் கவனக்குறைவுடையவள் எனக் கூறியதைக் கேட்டு நாம் அன்று மறுக்காமல் வந்துவிட்டோம். எம்மிடம் அப்போது விடை இல்லை. கோப்பையைக் காட்டியவுடன் அதன் பெயரைத் தயங்காமல் கூறியவள் அவள். மங்கு எங்கே எனக் கேட்டிருந்தால் கணத்தில் விரல் வைத்திருப்பாள் என்றே கருதுகிறோம். பாலர் வகுப்பில் ‘கவனம் குறைவு’ என எழுதுமுன், எச்சொல்லால் வினவினோம் என்பதை ஆசிரியர் ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.